மனம் முறிந்தவனுக்கு முதலுதவி

கழனியில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவனைப் பாம்பு தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் எவரும் கைகட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒருவர் கட்டிலைத் தூக்கிவருகிறார், ஒருவர் வண்டிக்கு ஓடுகிறார், ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, “பயப்படாதே, தம்பி, அசையாமல் படுத்திரு” என்று தைரியம் சொல்கிறார். “நீ ஏன் அந்த வரப்பில் நடந்தாய்?” என்று கடிபட்டவனை ஏசுவார் இல்லை. அதே ஊரில், அதே வாரத்தில், வேறொருவன் பத்து நாட்களாகச் சரிவர உண்ணாமலும் உறங்காமலும், யாரிடமும் முகங்கொடுத்துப் பேசாமலும், திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவனைச் சுற்றி யாரும் கூடுவதில்லை. “சோம்பேறி” என்கிறார் தந்தை. “காற்றுச் சேஷ்டை” என்கிறாள் பாட்டி. “மனத்தைத் தளரவிடாதேடா” என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நண்பர்கள் தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். பதினோராம் நாள் அவன் வீட்டு வாசலில் ஊரே கூடுகிறது. அப்பொழுது அவன் உயிரோடு இல்லை.

நம் ஜனங்கள் இரக்கமற்றவர்கள் என்று நாம் கருதவில்லை. முதலாமவனுக்குச் செய்யவேண்டியது இன்னதென்று ஓரளவேனும் அவர்களுக்குத் தெரிகிறது. இரண்டாமவன் விஷயத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தெரியாத இடத்தில் பயம் புகுகிறது. பயத்தைத் தொடர்ந்து பரிகாசமும் கொடுமையும் வருகின்றன. இந்த அறியாமையைப் போக்கிக்கொள்ள வழி உண்டு. அதற்கு வைத்தியக் கல்லூரிக்குப் போகவேண்டுவதில்லை. இரண்டு நாள் பயிற்சி போதும். மனநலத்திற்கான முதலுதவி என்று அதற்குப் பெயர். கட்சித் தொண்டர்களும், தொழிற்சங்கத்தாரும், வாசகசாலை நடத்துவோரும், ஊருக்கு நாலு பேர் என்று சொல்லத்தக்க ஏனையோரும் அதை ஏன் கற்கவேண்டும் என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022-ம் ஆண்டில் இந்திய தேசம் முழுவதிலும் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகம் தெரிவிக்கிறது. அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மஹாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நமக்கே இந்தப் பெருமை! நாளொன்றுக்கு 54 உயிர்கள். கலகத்திலோ ரயில் விபத்திலோ ஒரே நாளில் 54 பேர் மடிந்தால் சட்டசபை ஒத்திவைக்கப்படும். பத்திரிகைகள் கறுப்புக் கட்டம் போடும். இவர்களோ தனித்தனியாய், வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கதவுகளுக்குப் பின்னால் மடிவதால், தேசம் அதைக் கவனிப்பதில்லை. பதிவான காரணங்களில் முதலிடம் பெறுபவை குடும்பத் தகராறும், அதற்கடுத்து நோயுமாம். இரண்டும் அண்டை வீட்டாருக்குத் தெரியாத ரகசியங்கள் அல்ல.

தற்கொலை மட்டுமே மனநோயின் கணக்கு அன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாகாணங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனக்கோளாறுடன் வாழ்ந்துவந்தனர். அத்தகையோரில் நூற்றுக்கு 70 முதல் 92 வரை, நோயின் வகைக்கேற்ப, சிகிச்சையின்றியே இருந்தனர். லட்சம் பேருக்கு எத்தனை மனநோய் வைத்தியர் என்று பார்த்தால், முக்கால் வைத்தியர்தான் தேறினார்! சர்க்கார் நாளைக்கே மனம் வைத்து இத்தொகையை இரட்டிப்பாக்கினாலும் லட்சத்துக்கு ஒன்றரை வைத்தியர். அவர் ஜில்லாத் தலைநகரில் இருப்பார்; நோயாளி இருப்பதோ பஸ் ஏறி இரண்டு மணி நேரம் வரவேண்டிய கிராமத்தில். வைத்தியர் தொகை பெருகவேண்டும் என்று கிளர்ச்சி செய்வது நியாயமே, செய்யத்தான் வேண்டும். ஆனால், எவ்வளவு பெருகினாலும் நெருக்கடி நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் முதலில் நிற்கப்போகிறவர் டாக்டர் அல்லர். மனைவி, தம்பி, கூட வேலை செய்பவன், எதிர்வீட்டுக்காரர், டீக்கடைக்காரர் ஆகியோரில் ஒருவரே.

சங்கிலியின் சரித்திரம்

சென்னையில் மனநோயாளருக்கென்று ஒரு விடுதி கம்பெனியார் காலத்திலேயே, 1794-ல் ஏற்பட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அன்று முதல் நமது பாஷையில் கீழ்ப்பாக்கம் என்பது ஓர் ஊரின் பெயராக மட்டும் இல்லை, வசைமொழியாகவும் ஆகிவிட்டது. “இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு” என்று நாடகத்திலும் சினிமாவிலும் சொன்னால் கொட்டகை அதிரச் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பின் விலை, நோய் தொடங்கிய ஒருவன் வைத்தியரிடம் போகக் கூசி வருஷக்கணக்காய் ஒளித்துவைப்பது. 1961-ல் அந்த ஆஸ்பத்திரியின் தலைமையை ஏற்ற டாக்டர் சாரதா மேனன் அம்மையார் போன்றோர் அம்மதிலுக்குள் எவ்வளவோ சீர்திருத்தம் செய்தனர். மதிலுக்கு வெளியே இருக்கும் நாம்தான் திருந்தவில்லை.

ஏர்வாடியை யாரும் மறந்திருக்க முடியாது. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி விடியுமுன், ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள அவ்வூரில், தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டனர். சுப்ரீம் கோர்ட் தானே முன்வந்து விசாரணையில் இறங்கியது, அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன, சட்டங்கள் திருந்தின. தர்காவுக்கும் கோயிலுக்கும் மனநோயாளரை அழைத்துச் செல்வோரை நாம் குறைகூற மாட்டோம். வேறு புகலிடம் அறியாதவர்கள் ஆண்டவனிடம் போகிறார்கள். பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி ஏர்வாடியிலேயே பிற்பாடு சர்க்கார் ஏற்பாடு செய்தது நல்ல காரியம். நாம் கேட்பது வேறு. அந்த 28 பேரில் ஒவ்வொருவருக்கும் நோயின் முதல் நாள் என்று ஒன்று இருந்திருக்கும் அல்லவா? உறக்கம் கெட்ட நாள், தனக்குத்தானே பேசத் தொடங்கிய நாள், வேலைக்குப் போக மறுத்த நாள்! அந்த நாளுக்கும் சங்கிலிக்கும் இடையே பல மாதங்கள், சிலருக்கு வருஷங்கள், கழிந்திருக்கும். அவ்வளவு காலத்தில், இது நோய், இதற்கு மருந்து உண்டு, இன்ன இடத்தில் கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் அந்த ஊர்களில் இருந்திருந்தால் எத்தனை பேர் அந்தக் கொட்டகைக்கே வந்திருக்கமாட்டார்கள்!

கான்பெராவில் பிறந்த வித்தை

2000-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய கான்பெராவில் பெட்டி கிச்சனர் என்ற அம்மையாரும், அவர் கணவர் அந்தோணி ஜார்ம் என்ற பேராசிரியரும் இந்த முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார்கள். அம்மையார் நர்ஸாகப் பயின்றவர். இளமையிலேயே மனச்சோர்வு நோயின் கொடுமையைத் தாமே அனுபவித்தவர். காயத்துக்குக் கட்டுப்போடவும் நீரில் மூழ்கியவனுக்கு மூச்சு வரச்செய்யவும் பொதுஜனங்களுக்குக் கற்றுத்தருகிறோமே, மன நெருக்கடிக்கு ஏன் கற்றுத்தருவதில்லை என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. வகுப்பு முதலில் 9 மணி நேரமாக இருந்து, பின்னர் 12 மணி நேரமாயிற்று. இன்று இருபதுக்கு மேற்பட்ட தேசங்களில் இம்முறை பரவியிருக்கிறது.

அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது முதலுதவி செய்பவரின் வேலை அன்று. மருந்து கொடுப்பதும் அன்று. மாறுதலைக் கண்டு அணுகவேண்டும். உயிருக்கு ஆபத்து உண்டா என்று அறியவேண்டும். தீர்ப்புக் கூறாமல் கேட்கவேண்டும். நம்பிக்கையும் சரியான செய்தியும் தரவேண்டும். வைத்தியரிடம் போகத் துணைநிற்கவேண்டும். குடும்பத்தார், நண்பர் முதலிய மற்ற ஆதரவுகளையும் கூட்டவேண்டும். இவ்வளவே பாடம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று வாசகர் நினைக்கலாம். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

கேட்பது என்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நமது நாட்டில் பங்கீட்டுச் சீட்டு இல்லாமலே தாராளமாய்க் கிடைக்கும் சரக்கு புத்திமதி. ஒருவன் வாய்திறந்து, “எனக்கு வாழ்வே வெறுத்துவிட்டது” என்று சொன்ன மாத்திரத்தில், “உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்!” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா?” என்று மற்றொருவர் கண்டிப்பார். அவன் அவர்களை நினைத்து நினைத்தே உருகி, தான் அவர்களுக்குப் பாரம் என்ற முடிவுக்கு வந்திருப்பான். இந்தக் கண்டிப்பு அவன் காதில் மற்றொரு குற்றப்பத்திரிகையாகவே விழும். அடுத்த முறை அவன் வாய்திறக்க மாட்டான். புத்திமதியை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஒருவர் பேசுவதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதைப் பயிற்சி வகுப்பில்தான் பலர் முதன்முதலாக உணர்கிறார்கள். மேடையில் பேசிப் பழகிய நமது அரசியல் நண்பர்களுக்கு இது இன்னும் சற்றுக் கடினமாகவே இருக்கும்!

எல்லாவற்றிலும் முக்கியமானது, பலரும் சொல்ல அஞ்சும் ஒரு கேள்வி. ஆலைத் தொழிலாளி ஒருவர்; கந்துவட்டிக் கடன்; இரண்டு வாரமாய் முகம் இருண்டிருக்கிறது; கைக்கடிகாரத்தை ஒரு நண்பனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்; “இனி என்ன இருக்கிறது” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். சங்கத்துத் தோழர் ஒருவர் மாலையில் அவரைத் தனியாகக் குளக்கரைக்கு அழைத்துச்சென்று உட்காருகிறார்.

“அண்ணே, இரண்டு வாரமாக நீங்கள் பழையபடி இல்லை. அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.”

நெடுநேரம் மௌனம். தோழரும் மௌனமாயிருக்கிறார். பிறகு கடனைப்பற்றிப் பேச்சு வருகிறது. வட்டிக்காரன் வாசலில் நின்று மகளின் எதிரில் பேசிய பேச்சு வருகிறது. தோழர் குறுக்கிடவில்லை. முடிவில், தெளிவாகக் கேட்கிறார்:

“இவ்வளவு பாரத்தில் சில பேருக்கு உயிரையே விட்டுவிடலாம் என்று தோன்றும். உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா, அண்ணே?”

இப்படிக் கேட்கலாமா, இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகாதா என்று அஞ்சாதவர் இல்லை. நமது குடும்பங்களில் அமங்கலச் சொல்லை வாயால் சொல்வதே தோஷம் என்ற நினைப்பும் சேர்ந்து, இந்தக் கேள்வியை நாவிலேயே கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் பல தேசங்களிலும் நடந்த ஆராய்ச்சிகள் ஒருமுகமாகத் தெரிவிப்பது, கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதும் இல்லை, வளர்வதும் இல்லை என்பதே. எண்ணம் இல்லாதவர், “சே, அப்படியெல்லாம் இல்லை” என்று சொல்லிவிடுவார். எண்ணம் உள்ளவருக்கோ, தனியே சுமந்த பயங்கரத்தை ஒருவர் பெயரிட்டுச் சொல்லிவிட்டாரே என்று பெரும்பாலும் ஆறுதலே உண்டாகிறது. “ஆம்” என்றால், எப்பொழுது, எவ்விதம் என்று யோசித்துவைத்திருக்கிறாரா, அதற்கான சாதனம் கையில் உண்டா என்பதையும் பதறாமல் கேட்டறியவேண்டும். இருந்தால் அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது, சாதனத்தை அப்புறப்படுத்தவேண்டும், உடனே உதவிக்கு ஆள் சேர்க்கவேண்டும். “யாரிடமும் சொல்லாதே” என்று அவர் சத்தியம் கேட்டால் செய்துகொடுக்கக் கூடாது. மற்ற ரகசியங்களைக் காக்கலாம். உயிர் விஷயத்தில் ரகசியம் இல்லை என்று நயமாகச் சொல்லிவிடவேண்டும்.

சாதனத்தை அப்புறப்படுத்துவது அற்ப விஷயம் அன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் வேகம் பலரிடத்தில் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிஷங்களில், தணிந்துவிடுவது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஆள் பிழைக்கிறான். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்துவந்ததன் பயனாக, 1995-க்குப் பின் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது. நம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களிலும், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் காப்பறையில் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்து நற்பயன் கண்டிருக்கிறார்கள். சர்க்கார் தடையுத்தரவு வரும்வரை காத்திராமல், “அந்தப் புட்டி கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும், மாமா” என்று கேட்டு வாங்கிவர அடுத்த வீட்டுக்காரரால் முடியும்.

இனி வேறு வகை நோயாளிகள். காதில் குரல் கேட்கிறது, அண்டையார் விஷம் வைக்கிறார்கள் என்று ஒருவன் சொல்லும்போது, அவனோடு வாதாடி ஜெயிக்க முயல்வது வீண். ஆமாம் ஆமாம் என்று ஒத்துப்பாடுவதும் பிசகு. “எனக்கு அது கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்பது எவ்வளவு பயமாயிருக்கும் என்பது புரிகிறது” என்று சொல்லலாம். கூட்டத்தை விலக்கவேண்டும், தணிந்த குரலில் பேசவேண்டும், கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. மாரடைப்போ என்று தோன்றும்படி நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறும் பீதி நோய் ஒன்று உண்டு. அது பீதிதானா, மாரடைப்பா என்ற சந்தேகம் இருந்தால் 108-ஐக் கூப்பிடுவதே புத்தி.

மதுவிலக்குத் தொண்டர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. வருஷக்கணக்காய்த் தினமும் மிகுதியாகக் குடித்தவனை ஒரே நாளில் நிறுத்தச்செய்து அறையில் பூட்டிவைப்பது அபாயம். கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை இரண்டு மூன்று நாட்களுக்குள் கண்டு, உயிரே போகக்கூடும். குடியை விடவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வருபவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதே அவனுக்குச் செய்யும் முதலுதவி.

வயிற்றுவலி என்னும் பொய்

உதவி நாடாமல் குடும்பங்கள் ஒளிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணமாயிருந்தது. 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடின் 309-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கியது. சாவின் வாயிலிலிருந்து மீண்டவனை போலீஸ் ஸ்டேஷன் வாயிலில் நிறுத்தும் விசித்திரம் அது. வழக்குக்கும் அவமானத்துக்கும் அஞ்சி, “தீராத வயிற்றுவலி” என்று எழுதிக்கொடுப்பது நம் நாட்டில் சம்பிரதாயமாயிற்று. பத்திரிகைகளும் அதை அப்படியே அச்சிட்டன. தமிழ்நாட்டில் இத்தனை பேருக்கு வயிற்றுவலியா என்று அயலார் ஆச்சரியப்படும்படி அந்தச் செய்திகள் வந்துகொண்டிருந்தன!

அந்த நிலைமை மாறிவிட்டதை நம் தொண்டர்களே பலர் அறியார். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிப்பது சர்க்காரின் கடமை என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையில் பழைய 309-வது பிரிவே இடம்பெறவில்லை. சர்க்கார் ஊழியரின் கடமைக்குத் தடைசெய்யும் நோக்கத்துடன் முயல்வதை மட்டும் அதன் 226-வது பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 95-வது பிரிவு அடியோடு தடுக்கிறது. தெருவில் திக்கற்றுத் திரியும் மனநோயாளரைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு வழிசெய்வது போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்கிறது 100-வது பிரிவு. “ஐயா, 100-வது பிரிவின்படி நீங்கள்தான் இவரைக் கவனிக்கவேண்டும்” என்று ஸ்டேஷனில் நின்று சொல்லத் தெரிந்த ஒரு தொண்டர் எத்தனை பேரை ரஸ்தாவிலிருந்து மீட்கலாம்!

கட்சிக்காரருக்குச் சொல்லவேண்டியது

இப்பொழுது சற்றுக் கசப்பான விஷயத்துக்கு வருகிறோம். தமிழ்நாட்டு அரசியலில், கொள்கைக்காகவும் தலைவருக்காகவும் தொண்டன் தன்னுயிரை மாய்த்துக்கொள்வது 1960-களிலிருந்து தொடர்ந்து நடந்துவருகிறது. மொழிக் கிளர்ச்சியில் மாண்டவர்கள் உண்டு. இலங்கைத் தமிழர் துயரம் கண்டு மாண்டவர்கள் உண்டு. 1987-லும் 2016-லும் தலைவர் மறைந்த துக்கம் தாளாமல் மாண்டவர்களும் உண்டு. 2016-ல் அவ்வாறு இறந்தோரின் பட்டியல் வெளியிடப்பட்டு, குடும்பங்களுக்குக் கட்சி நிதியிலிருந்து தலைக்கு 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அநாதையான குடும்பத்துக்கு உதவுவது தர்மமே. ஆனால், பட்டியலும், படத்திறப்பும், சுவரொட்டியும், வீரவணக்கமும் ஒன்றுசேரும்போது, மனம் தளர்ந்து வழிதேடும் மற்றொரு தொண்டனுக்கு அது என்ன பாடம் புகட்டுகிறது? இப்படிப்பட்ட சாவைப் போற்றி எழுதினால் அது மற்றவரையும் தொற்றும் என்பது ஆராய்ச்சியில் நிலைபெற்ற உண்மை. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் இதில் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

மாண்டவர்களின் உணர்ச்சியை நாம் இழிவுபடுத்தவில்லை. லட்சியம் உண்மையானது, அதனுடன் கூடவே கடனோ, வேலையின்மையோ, குடும்பப் பிளவோ, கவனிக்கப்படாத மனச்சோர்வோ சேர்ந்திருக்கக்கூடும் என்பதை யார் விசாரித்தார்கள்? கொடி கட்டியவனை, பந்தல் போட்டவனை, முந்தின இரவு கட்சி ஆபீஸில் பக்கத்தில் படுத்திருந்தவனை, “தம்பி, உனக்கு என்ன?” என்று கேட்கத் தெரிந்த ஒரு வட்டச் செயலாளர் இருந்திருந்தால், அவன் இன்று தன் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருப்பான். கட்சிக்கு உயிரைக் கொடுப்பேன் என்று மேடையில் ஒருவன் கூவினால் கைதட்டுவதற்கு முன், அவன் சொல்வது அலங்காரமா, நிஜமா என்று இறங்கிப்போய்க் கேட்பது தலைவர்களின் கடமை.

இனி ஆட்சேபங்கள். அரைகுறைப் படிப்பு ஆபத்து, நாட்டில் போலி வைத்தியர்கள் போதாதா என்று கேட்போர் உளர். முதலுதவி கற்றவர் நோய்க்குப் பெயர் சூட்டத் தொடங்கினால் ஆட்சேபம் சரியே. தெருவில் நடப்பவர்க்கெல்லாம் மனநோய்ப் பட்டம் கட்டும் அரைவேக்காடுகள் நமக்கு வேண்டாம். முறையான பயிற்சியில் முதற்பாடமே தன் எல்லையை அறிவது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இப்பயிற்சியால் கற்றவரின் அறிவும் தைரியமும் உயர்கின்றன, நோயாளர்மீது கொண்ட இகழ்ச்சி குறைகிறது என்பது பல சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. உதவி பெற்ற நோயாளிக்கு விளைந்த நன்மை எவ்வளவு என்பது அதே அளவுக்கு இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆனால், சற்றே விரிந்த பயிற்சி பெற்ற சாதாரண ஜனங்கள் என்ன செய்யமுடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்து ஹராரே நகரில், டிக்ஸன் சிபாண்டா என்ற மனநோய் வைத்தியர் 2006-ல் 14 பாட்டிமார்களைச் சேர்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் ஒரு பலகை. அதில் பாட்டி ஒருத்தி உட்கார்ந்து, வந்தவர் குறையைக் கேட்டு, ஒரு பிரச்னையை மட்டும் எடுத்து, அதைத் தீர்க்க அவரே வழிகாணும்படி துணைசெய்தாள். அவர்கள் ‘மனச்சோர்வு நோய்’ என்று ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லவில்லை. ‘அளவுக்கு மீறி யோசித்தல்’ என்று பொருள்படும் ஊர்ச்சொல்லையே வழங்கினார்கள். 2016-ல் வெளியான சோதனை முடிவில், பாட்டியிடம் வந்தவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் நோய்க்குறிகள் மற்றவர்களைவிட நன்கு குறைந்திருந்தன. நம் தேசத்திலேயே, கோவாவில், முன்பின் மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியளித்து, கடும் மனச்சோர்வு கண்டவர்களுக்கு உதவச்செய்து நற்பயன் கண்ட ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் அம்மையார் தொடங்கிய ‘ஸ்நேகா’வில், தொலைபேசியை எடுத்துப் பேசுகிறவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற தொண்டர்கள். திண்ணையும் மரத்தடியும் பாட்டிமார்களும் நமக்கா பஞ்சம்?

எங்கே கற்பது, யாரிடம் ஒப்படைப்பது என்பதே மிஞ்சிய கேள்வி. ஜில்லா மனநலத் திட்டத்தின் வைத்தியரும் ஆலோசகரும் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். முப்பது பேரைச் சேர்த்து இடமும் நாளும் குறித்து அழைத்தால் வந்து வகுப்பெடுக்கும்படி அவர்களைக் கேட்கலாம். பஞ்சாயத்தும் தொழிற்சங்கமும் வாசகசாலையும் எழுத்து மூலம் கேட்டால் மறுப்பது எளிதன்று. 2022 அக்டோபர் 10-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். நோயாளி பேச மறுத்தால், அவருக்காக நண்பர் பேசி யோசனை கேட்கலாம். இந்த எண் எத்தனை டீக்கடைகளில், எத்தனை முடிதிருத்தும் நிலையங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது? பூச்சிமருந்துக் கடையின் கல்லாவுக்கு மேலே ஒட்டினால் இன்னும் பொருத்தம்.

உதவி செய்பவரும் மனிதரே. ஓர் இரவு முழுதும் ஒருவருக்குத் துணையிருந்தவருக்கு மறுநாள் உறக்கமும் பசியும் கெடும். அவரும் தம் பாரத்தை இறக்கிவைக்க இன்னொருவர் வேண்டும். ஆதலின் ஓர் ஊரில் ஒருவர் மட்டும் பயின்றால் போதாது. நாலைந்து பேராவது, அவர்களில் பெண்கள் இருவராவது, பயிலவேண்டும். மாமியார் வீட்டில் நடப்பதை ஒரு பெண் ஊர்த் தலைவரிடம் வந்து சொல்வாள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. மே மாதத்தில் பரீட்சை முடிவுகள் வெளியாகும்போது மாணவர் வீடுகளுக்கு ஒரு முறை போய்வரவும், அறுவடை பொய்த்த வருஷத்தில் கடன்பட்ட குடியானவர் வீடுகளை எட்டிப்பார்க்கவும் இவர்கள் தமக்குள் தெருக்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தேர்தல் காலத்தில் வீட்டுக்கு வீடு வாக்காளர் பட்டியலுடன் போய்வரும் கட்சிகளுக்கு எந்தத் தெருவில் எந்த வீடு என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை.